பெட்டி நின்றுவிடும் என்றார்கள்

அன்றைக்கு மிஷின் ஆபீஸில் இருந்தவர்கள் இவர்கள்.

ஆபீஸ் பொண்ணு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது.

தலைவர். எங்கள் உழவர் குழுவுக்குத் தலைவர். கையில் போன் வைத்திருந்தார்.

டிரைவர். குழுவின் அறுவடை மிஷினை ஓட்டுபவர். ஆத்தூர்ப் பக்கத்து ஆள். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

முன்வயல்காரர். ரோட்டை ஒட்டின வயல் அவருடையது. அதற்குப் பின்னால் இருக்கிற வயல் என்னுடையது. அவருக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தது.

நான். கதவோரம் நின்றேன்.

பொங்கல் முடிந்த வாரம். சம்பா அறுப்புக்கு எனக்கு எந்தத் தேதி என்று கேட்கப் போயிருந்தேன். கேட்பதற்கு முன் தலைவர் கையைக் காட்டினார்.

"எல்லாரும் கேளுங்க."

வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவில் ஒரு ஆள் பேசினான். யாரென்று தெரியாது. அவசரமாகப் பேசினான். உலகம் பூரா ஆபீஸ்களில் கணக்கு வைக்கிற அந்த டேட்டாபேஸ் சாப்ட்வேரை நிறுத்தப் போகிறார்கள், இந்த மாசக் கடைசிதான் கெடு, அதற்கப்புறம் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், எல்லாருக்கும் அனுப்புங்கள் என்றான்.

தலைவர் இரண்டாம் தடவை போட்டுக் காட்டினார்.

"மிஷினை நிறுத்தலையேங்க?" என்றார் டிரைவர்.

"உன் மிஷின் இல்லப்பா. இந்தப் பொட்டிக்குள்ள இருக்கிறது."

"அப்ப சரிங்க." டீயைக் குடித்து முடித்தார்.

ஆபீஸ் பொண்ணு திரும்பவில்லை. "யாரு சொன்னதுன்னே தெரியலையேங்க" என்றது.

"மூணு குரூப்புல வந்துடுச்சும்மா. மூணு பேரும் பொய் சொல்வானா?"

"மூணும் அதே குரல்தானே."

முன்வயல்காரர் சிரித்தார். "போனா போகட்டும்யா. பொட்டி வர்றதுக்கு முன்னாடி அறுப்பு நடக்கலையா? பழையபடி பேசி வெச்சுக்கலாம்."

சொல்லிவிட்டு யாரையும் பார்க்கவில்லை.

பேசி வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

என் வயல் நாலு மா, ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. மாமனார் வாங்கினது. அவர் முன்வயல்காரரின் அப்பாவிடம் பண்ணையில் வேலை பார்த்தவர். சேர்த்து வைத்து வாங்கினார். விலை குறைவாகத்தான் இருந்ததாம். ஏன் குறைவு என்று பிற்பாடு தெரிந்தது. வழி கிடையாது. மூன்று பக்கம் மற்றவர் வயல், ஒரு பக்கம் வடிகால்.

அரிவாளால் அறுத்த காலத்தில் அது ஒரு பேச்சே இல்லை. கட்டு கட்டி, தலையில் வைத்து, வரப்பில் நடந்து வந்துவிடலாம். மிஷின் வரப்பில் நடக்காது. முன்வயல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.

அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் பக்கம் அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடியே, பயிர் நிற்கும்போதே, ஈரத்தில் உளுந்து தெளித்துவிடுவோம். நெல் அறுபடும்போது அது அடியில் முளைத்து இரண்டு இலையோடு நிற்கும். அன்றைக்கு மிஷின் ஏறினால் ஒன்றும் ஆகாது, நிமிர்ந்துகொள்ளும். பத்து நாள் கழித்து ஏறினால் செத்துப்போகும். அதனால் முன்வயலை அறுத்த அன்றைக்கே பின்வயலையும் அறுத்தாக வேண்டும். விட்டால் விட்டதுதான். உளுந்து மேல் மிஷின் விட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். நானாக இருந்தாலும் மாட்டேன்.

அதனால் வருஷா வருஷம் முன்வயல்காரர் வீட்டுக் கேட்டுக்குப் போவோம். முதலில் மாமனார். பிறகு என் வீட்டுக்காரர். அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு நான். கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். தூங்கிக்கொண்டிருப்பார். வெளியே வந்தால் "பார்க்கலாம் போ" என்பார். முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதைச் சொல்லியிருந்தால் வேறு ஏற்பாடாவது செய்திருப்போம். ஒரு வருஷம் பார்க்கலாம், பார்க்கலாம் என்று அறுப்பு தள்ளிப்போய், மழை பிடித்து, நெல் சாய்ந்து தண்ணீரிலேயே முளைத்தது. ஆட்டுக்குப் போட்டோம்.

குழு ஆரம்பித்து மிஷின் வாங்கின வருஷம் இந்தப் பொண்ணு வேலைக்கு வந்தது. மயிலாடுதுறையில் கம்ப்யூட்டர் படித்தது. வீடு வீடாக வந்து வயல் விவரம் கேட்டு எழுதிக்கொண்டு போனது. என்னிடமும் கேட்டது.

"எத்தனை மா, அக்கா?"

சொன்னேன்.

"என்ன நெல்லு?"

சொன்னேன்.

"மிஷின் எந்தப் பக்கமா வரும்?"

"அவரு விட்டாத்தான் வரும்."

"அப்படி ஒரு கட்டம் இல்லையேக்கா" என்றது. பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது.

அப்புறம் அதுவே ஒரு கட்டம் போட்டது. வழி என்று பெயர். யார் வயல் வழியாக மிஷின் போக வேண்டுமோ அந்த வயலின் நம்பர் அதில் இருக்கும். முன்வயலுக்கு அறுப்புச் சீட்டு அடித்தால் பெட்டி தானாகவே பின்வயலுக்கும் அடுத்த சீட்டு அடிக்கும். ஒரே நாள், அடுத்தடுத்து. கூட்டத்தில் சொல்லி எல்லாரும் கை தூக்கினார்கள். முன்வயல்காரரும் தூக்கினார். எதற்குத் தூக்குகிறோம் என்று அவர் கவனித்திருக்க மாட்டார். அன்றைக்கு வடை நன்றாக இருந்தது.

அதற்கப்புறம் நான் அந்தக் கேட்டுக்குப் போகவில்லை. மிஷின் அவர் வயலை முடிக்கும், என் வயலுக்கு வரும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவருக்கும் அது நிம்மதி என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பெட்டிதான் நிற்கப்போகிறது என்றார்கள்.

தலைவர் நல்ல மனுஷன். பயந்த சுபாவம். பொண்ணிடம் சொன்னார்: "எல்லாத்தையும் இன்னிக்கே தாள்ல எடுத்துடும்மா. எல்லாருக்கும் சீட்டும் அடிச்சுடு. அப்புறம் பொட்டியை யாரும் தொடக் கூடாது. தெறந்தாத்தானே போகும்?"

"எந்த வரிசையிலங்க எடுக்கிறது?"

"பேரு வரிசையில எடு. பள்ளிக்கூட ரிஜிஸ்டர் மாதிரி. தேட வசதி."

"வயல் இருக்கிற வாய்க்கால் வரிசைதானே எப்பவும்..."

"பேரு வரிசைம்மா. சொல்றதைக் கேளு."

சாயங்காலம் வரை பிரிண்டர் கத்தியது. பிறகு தலைவரே ஒயர் எல்லாம் பிடுங்கி, கம்ப்யூட்டர் மேல் ஒரு புதுத் துண்டைப் போட்டு மூடினார். டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"ஒரு மாலையும் போட்டுட்டா முடிஞ்சதுங்க."

"வாயக் கழுவுய்யா" என்றார் தலைவர்.

நான் வெளியே வரும்போது பொண்ணும் கூட வந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தது.

"நீதானேம்மா செஞ்சே. அவங்க எப்படி நிறுத்துவாங்க?" என்று கேட்டேன்.

"கட்டம் நான் போட்டதுக்கா. சாப்ட்வேரு அவங்களது. நிறுத்தினா நான் என்ன பண்றது?"

"நிறுத்துவாங்களா?"

"தெரியலக்கா" என்றது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற பொண்ணு.

அந்த மாசம் முடிந்து அறுப்பு ஆரம்பித்தது. பெயர் வரிசையில் மிஷின் ஓடியது. காலையில் கீழ்க்கரை, மத்தியானம் மேல்கரை, சாயங்காலம் மறுபடி கீழ்க்கரை. டிரைவர் பார்க்கிறவர்களிடம் எல்லாம் புலம்பினார். "பேரு வரிசைக்கு அறுக்கிற ஊரை இப்பத்தானுங்க பார்க்கிறேன். அறுக்கிறதை விட ரோட்ல ஓட்டறதுதான் ஜாஸ்தி."

முன்வயல்காரர் பெயர் 'அ'வில் ஆரம்பிக்கும். இரண்டாம் நாளே அவர் முறை வந்துவிட்டது. நான் காலையிலேயே போய் வரப்பில் உட்கார்ந்தேன். சாக்கு, கயிறு, தார்ப்பாய் எல்லாம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். என் நெல் முற்றித் தலை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே உளுந்து முளைத்திருந்தது. அவர் வயலிலும் முளைத்திருந்தது.

மத்தியானத்துக்கு மேல் அவர் வயல் முடிந்தது. மிஷின் திரும்பியது. என் பக்கம் இல்லை. ரோட்டுப் பக்கம்.

நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். டிரைவர் இறங்கினார்.

"அடுத்தது என்னுதுங்க."

"இல்லீங்கக்கா." சீட்டுக் கட்டை எடுத்துக் காட்டினார். "உங்க பேரு 'வ' வரிசையில வருது. கட்டுல கடைசிங்க. இன்னும் பத்து நாளாவது ஆகும்."

"வழிக் கட்டம் பாருங்க."

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாளையும் எடுத்துப் பார்த்தார். "வழின்னு ஒண்ணும் இல்லீங்களே."

எனக்குப் படிக்கத் தெரியும். ஐந்தாவது வரை போயிருக்கிறேன். நானும் பார்த்தேன். பெயர், ஊர், மா, நெல். அதோடு தாள் முடிந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணுமில்லீங்கக்கா. ஆபீஸ்ல சீட்டு மாத்திக் குடுத்தா இப்பவே திருப்பறேன். டிராக்டர் வந்து நெல்லை ஏத்தற வரைக்கும் இங்கதான் நிப்பேன். அதுக்குள்ள கேளுங்க."

பொண்ணுக்குப் போன் போட்டேன்.

"தாள்ல வழிக் கட்டம் இல்லையாம்மா" என்றேன்.

தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அது வலது ஓரத்துல இருந்துச்சுக்கா. தாளுக்கு வெளியில போயிருக்கு. சீட்டும் அந்தத் தாள்ல இருந்ததை மட்டும் வெச்சுப் பேரு வரிசையில அடிச்சதுதான். ஐயோ, நான் பார்க்கலக்கா."

"கையால எழுதிக் குடேன்."

"குடுத்தா முன்வயல்காரரு ஒத்துக்குவாரா? கட்டத்துல இருக்கான்னு கேப்பாரு. பொட்டியைத் தெறந்து எடுத்தாத்தான் செல்லும்."

"தலைவரு?"

"திருக்கடையூர்ல இருக்காரு. மச்சானுக்கு அறுபதாம் கல்யாணம். போன் எடுக்கல."

"தெறந்தா போயிடும்னு சொன்னாங்கள்ல" என்றேன்.

"சொன்னாங்க."

"எனக்கு மட்டுமா போகும், எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்க்கா."

"அப்ப தெறக்காதே. நான் அவருகிட்டயே கேட்டுக்கிறேன்."

"அக்கா, இருங்க..."

போனை வைத்துவிட்டேன். என் நாலு மாவுக்காக ஊர்க் கணக்கு பூராவும் போக வேண்டாம். அவ்வளவுதான் அப்போது தோன்றியது.

முன்வயல்காரர் ரோட்டோரம் நின்று நெல் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை என் வயலுக்குத் திரும்புகிற இடத்தில் குறுக்கே நிறுத்தியிருந்தார். வேண்டுமென்று நிறுத்தினாரா, நிழல் பார்த்து நிறுத்தினாரா, தெரியாது. கேட்டுக்குப் போகாமல் ஆறு போகம் தாண்டியிருந்தேன். சாக்கை வரப்பிலேயே விட்டுவிட்டு அவரிடம் போனேன்.

"ஐயா."

"என்ன?"

"மிஷின் இங்கயே இருக்கு. அப்படியே என் வயலையும்..."

"சீட்டு இருக்கா?"

"இல்லைங்க."

"அப்புறம்?" தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "நாளைக்கு வீட்டுப் பக்கம் வா. பார்க்கலாம்."

அதே வார்த்தை. மறுபடியும் அந்தக் கேட்டுக்கு வெளியே நிற்பது மாதிரி இருந்தது. திரும்பி வந்தேன். சாக்குகளை மடிக்க ஆரம்பித்தேன்.

அங்கே ஆபீஸில் நடந்ததைப் பொண்ணு பிற்பாடு சொன்னது. துண்டை எடுத்து மடித்து வைத்ததாம். கரண்ட் ஒயரை மட்டும் மாட்டியதாம். நெட்டு ஒயரை மாட்டவில்லை. கம்ப்யூட்டர் வர நேரமாகியதாம். அந்த நேரத்தில் வேலை போனால் மாமியார் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பார்த்ததாம். "ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு தோணுச்சுக்கா. அப்புறம்தான் டேட்டாபேஸைத் தெறந்தேன்."

எல்லாம் இருந்தது. மொத்தக் கட்டமும். வலது ஓரத்தில் வழியும். என் சீட்டைப் போட்டு, திரையைத் தன் போனில் படம் பிடித்து டிரைவருக்கு அனுப்பியதாம்.

டிரைவர் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். சத்தமாகக் கூப்பிட்டார்.

"அக்காவ்! சாக்கை விரிங்க. சீட்டு வந்துருச்சு!"

மிஷின் உறுமிக்கொண்டு திரும்பியது. முன்வயல்காரர் கையை நீட்டி நிறுத்தினார்.

"என்னய்யா சீட்டு? பொட்டி போயிடுச்சுன்னாங்களே."

"போகலீங்களாம்." டிரைவர் மேலிருந்தபடியே போனை நீட்டினார். "பாருங்க. வழின்னு உங்க வயல் நம்பர் போட்டிருக்குது."

அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்னைக் கேக்காம யாரு போட்டது?"

நான் சாக்கைக் கீழே வைத்தேன். "நீங்களுந்தான் கை தூக்கினீங்க" என்றேன்.

அவரிடம் நான் அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவை. டிரைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். முன்வயல்காரர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நின்றேன். வரவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"தூக்கினேனா?"

"தூக்கினீங்க. அன்னிக்கு வடை போட்டாங்க."

"ஆமா. வடை போட்டாங்க" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தார். போய் வண்டியைத் தள்ளி ஓரம் நிறுத்தினார். அதோடு விடவில்லை. மிஷினுக்கு முன்னால் நடந்து, கையை ஆட்டி, டிரைவரைத் திட்டினார். "யோவ், மூலையில சேறு இருக்கு. வலது பக்கமா ஒடிச்சு விடு. என் உளுந்தைப் பூராவும் மிதிக்காதே."

பொழுது சாய்வதற்குள் என் நாலு மாவும் முடிந்தது.

மறுநாள் ஆபீஸுக்குப் போனேன். தலைவர் வந்திருந்தார். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. பொண்ணு அதற்குள் தனக்குப் பாடம் எடுத்தவரிடம் கேட்டுவிட்டது.

"நிறுத்தினது வேற ஒரு சாப்ட்வேராம். நம்மளோடதுல பழசுக்கு இனிமே புதுசா எதையும் சேர்த்து அனுப்ப மாட்டாங்களாம். இருக்கிறது இருக்கும். தெறந்தா ஒண்ணும் போகாது."

"அப்ப எனக்கு அனுப்பினவன்?" என்றார் தலைவர்.

"அவருக்கும் யாராவது அனுப்பியிருப்பாங்க."

தலைவர் பெயர் வரிசைத் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்து, பின்பக்கம் எழுத உதவும் என்று மேசையில் வைத்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வாய்க்கால் வரிசைக்கே போயிடும்மா" என்றார். திட்டவில்லை. போகும்போது பொண்ணுக்கு ஒரு டீ சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் வந்தது.

பொண்ணு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பியது.

"இங்க பாருங்கக்கா. வழி இருக்கிறவங்களை மட்டும் எடுத்துப் போட்டிருக்கேன். இவங்க எல்லாருக்கும் தாள்ல வழி விட்டுப்போச்சு. இன்னிக்கே எல்லாருக்கும் சீட்டு மாத்தணும்."

வரிசையாக ஓடியது. நின்றது. கீழே ஓரத்தில் அதுவே எண்ணிச் சொல்கிறது. நாற்பத்திரண்டு. நான் எங்கள் வீடு ஒன்றுதான் அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் கீழ்க்கரையில் கடைக்காரர், பால்காரம்மா, வாத்தியார் வீடு. இவர்களும் யாரோ ஒருத்தர் கேட்டில் நின்றவர்கள்தான். ஒருத்தரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இப்போது கணக்குக்கு பென்டிரைவில் ஒரு நகல் இருக்கிறது. தலைவர் வீட்டு பீரோவில் ஒன்று. தாளும் இருக்கிறது, ஓரம் வெட்டாத தாள். கணக்கை வேறு சாப்ட்வேருக்கு எப்படி மாற்றுவது என்றும் பொண்ணு கற்றுக்கொண்டிருக்கிறது.

இந்த வருஷமும் அந்தக் குரல் போனில் வந்தது. அதே ஆள், அதே அவசரம். தலைவர் போட்டுக்கூடக் காட்டவில்லை.

அன்றைக்குத்தான் முன்வயல்காரர் ஆபீஸுக்கு வந்தார். வடிகாலுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு வயல் வாங்கியிருக்கிறார். நல்ல விலைக்குக் கிடைத்ததாம். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நகர்ந்து இடம் விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தனை மா, ஐயா?" என்றது பொண்ணு.

சொன்னார்.

"என்ன நெல்லு?"

சொன்னார்.

"மிஷின் எந்தப் பக்கமா வரும்?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"முன்னாடி இருக்கிறவன் விட்டாத்தான் வரும்" என்றார்.

"அப்ப கட்டத்துல போட்டுடலாங்களா?"

"போடும்மா." கொஞ்சம் குனிந்து மெதுவாகக் கேட்டார். "இந்தப் பொட்டி நிக்காதுல்ல?"

"இது நின்னா வேறொண்ணு வரும் ஐயா. கட்டம் இருக்கும்."

"வாங்க, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றார் என்னிடம். "எனக்குக் கண்ணாடி கொண்டு வரல. ஏத்திடுச்சா?"

எழுந்து போய்ப் பார்த்தேன். வழிக் கட்டத்தில், அவர் புது வயலுக்கு முன்னால் இருக்கிற வயலின் நம்பர் ஏறியிருந்தது. கீழே ஓரத்தில் எண் மாறியிருந்தது.

நாற்பத்து மூன்று.